வீட்டிலிருந்த டாக்டர்

பசுமலையில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பேத்தியைக் கூட்டிப்போக வந்த நான் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றிருந்தேன். மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவுகிற வாசனை. வரிசையாக ஆட்டோக்கள். இன்னும் மணி அடிக்கவில்லை.

பிள்ளைகளை ஏற்றிப்போகிற ஆட்டோக்காரர் ஒருவர், டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே சரிந்தார். கிளாஸ் உடைந்து சிதறியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கடைவாயில் நுரை தள்ளியது.

"வலிப்பு! சாவியக் கொண்டாங்கப்பா!"

நாலு பக்கமிருந்தும் சாவிக்கொத்து நீண்டது. ஒருவர் அவர் கையில் சாவியைத் திணித்தார். இன்னொருவர் காலை அமுக்கிப் பிடித்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. எல்லோரையும்போல அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் பிள்ளைக்கு வாங்கிய பன் பொட்டலம். அதைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார்.

"சாவிய எடுங்க. கால அமுக்காதீங்கண்ணே, எலும்பு விலகிரும். தள்ளி நில்லுங்க."

சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோரும் தள்ளி நின்றோம். துப்பட்டாவை மடித்து ஆட்டோக்காரரின் தலைக்கடியில் வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். உடைந்த கண்ணாடியை ஓரமாக ஒதுக்கினார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த ஒரு பார்வையில்தான் எனக்குப் பொறி தட்டியது. வலிப்பு வந்தவனைச் சுற்றி நிற்கும் ஐம்பது பேரில் கடிகாரத்தைப் பார்க்கிறவர் ஒருத்தர்தான் இருப்பார். அவர் மருத்துவம் படித்தவராக இருப்பார்.

"அஞ்சு நிமிஷத்தத் தாண்டுனா ஆபத்து. இப்பவே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு வைங்க" என்றார். மூன்று நிமிடத்துக்குள் இழுப்பு அடங்கியது. ஆட்டோக்காரரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு சீராகும் வரை தோளில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

எழுந்தபோது கேட்டேன். "அம்மா, நீங்க டாக்டரா?"

பன் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருந்தேன்" என்றார்.

மணி அடித்தது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டுப் பேர்

இந்தத் தொடரில் இதுவரை நான் மருந்துப் பை தூக்கிய கதைகளைத்தான் சொல்லிவந்தேன். இருபத்தைந்து வருஷம் மருந்துக் கம்பெனி ரெப். மதுரையில் நான் காத்துக்கிடக்காத டாக்டர் வாசல் இல்லை. அந்த வேலையை விட்ட பிறகு எனக்கு வாய்த்தது அவனியாபுரத்தில் ஒரு சின்ன கிளினிக்கின் மேனேஜர் வேலை.

லேத், வெல்டிங், டிங்கர் பட்டறைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்து, முதலாளியும் தொழிலாளியுமாகக் கூடி நடத்திய கிளினிக் அது. இரண்டு அறை, ஒரு மருந்துக் கவுன்டர், வெளியே தகரக் கொட்டகை. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், கண்ணில் விழுந்த இரும்புத்தூள், பிள்ளைகளின் சளி என்று எல்லாவற்றுக்கும் ஒரே டாக்டர். பொது மருத்துவர் என்கிறோமே, அவர்தான்.

அந்த ஒரே டாக்டர்தான் எங்களுக்கு நிலைக்கவில்லை. நான் பொறுப்பேற்ற பிறகு மட்டும் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் போனார்கள்.

ஒருவர் வரும்போதே ஒரு பெட்டி நிறைய மேற்படிப்பு நுழைவுத்தேர்வுப் புத்தகங்களோடு வந்தார். நோயாளி நாக்கை நீட்டுகிற இடைவெளியில் ஒரு கேள்விக்கு விடை குறித்துவிடுவார். இன்னொருவர் மூன்றாம் நாள் மதியம் சாப்பிடப் போனவர்தான். இன்றுவரை சாப்பிட்டு முடிக்கவில்லை.

இன்னொரு பையன், தங்கமான பையன், நோயாளிகளிடம் பிரியமாகப் பேசுவான். பெண் பார்க்கப் போன இடத்தில், "அவனியாபுரத்துல கிளினிக் பாக்குறேன்" என்று சொல்லியிருக்கிறான். பெண்ணின் அப்பா, "அது சரி தம்பி, அப்புறம் என்னவாகப் போறீங்க?" என்று கேட்டாராம். அடுத்த வாரம் ராஜினாமா.

'வெறும் எம்.பி.பி.எஸ்.' என்று ஒரு சொல் நம் ஊரில் உண்டு. ஐந்தரை வருஷம் முட்டி மோதிப் படித்த ஒருவரின் முன்னால் 'வெறும்' போட நமக்கு எப்படி மனசு வருகிறது என்று அப்போதெல்லாம் யோசிப்பேன். நானும்தான் போட்டிருக்கிறேன். ரெப்பாக இருந்த காலத்தில் ஸ்பெஷலிஸ்ட் டாக்டருக்கு ஒரு மாதிரியும், தெருமுனை டாக்டருக்கு ஒரு மாதிரியும் வணக்கம் வைத்தவன் நான்.

எட்டாவதாகப் போன பெண் டாக்டர்தான் கிளம்பும்போது உள்ளதைச் சொன்னார். "சம்பளம் குறையில்லண்ணே. எனக்கு ஒரு சந்தேகம் வந்தா இங்க யாரக் கேக்குறது? செவுத்தத்தான் கேக்கணும். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போயி, சரியா எழுதுனோமா தப்பா எழுதுனோமான்னு தூக்கமே வரல."

நோயாளிகளும் பழகிவிட்டார்கள். டாக்டரின் பெயரைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆள் மாறினாலும் அவர்களுக்கு எல்லோரும் 'புது டாக்டர்'தான். ஒரு பெரியவர் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சு நாளைக்கு எழுதியிருக்கீகளே, அஞ்சு நாள் இருப்பீகளா?" என்று நேராகவே கேட்டார்.

எங்கள் நர்ஸ் மரியபுஷ்பம் அன்று சிரித்தாள். பிறகு உள்ளே போய் அழுதாள். அந்தக் கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

தை வரைக்கும்

நான் சும்மா இருந்துவிடவில்லை. பழைய பையைத் திரும்பத் தூக்கினேன். மருத்துவ மாணவர்களின் ஹாஸ்டல் மெஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டினேன். காளவாசலில் நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி தருகிற இடத்தின் வாசலில் நின்று, வெளியே வருகிற பிள்ளைகளிடம் துண்டுப் பிரசுரம் நீட்டினேன். "பாக்குறோம் அங்கிள்" என்று வாங்கிக்கொண்டார்கள். பத்தடி தள்ளி அதே தாளில் வடை வைத்துச் சாப்பிட்டார்கள்.

சங்கத் தலைவர் வீரணன் லேத் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"சேது, டாக்டர் இல்லாத கட்டடத்துக்குப் பேரு கிளினிக்கா? ஸ்கேன் சென்டர்காரங்க இந்தக் கட்டடத்த வாடகைக்குக் கேக்குறாங்க. தை பொறக்குற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு ஆள் நெலச்சா சரி. இல்லைன்னா விட்டுருவோம்."

அப்போது ஐப்பசி. அந்த வாரத்தில்தான் பள்ளிக்கூட வாசலில் அந்தச் சம்பவம் நடந்தது.

'இருந்தேன்' என்ற அந்தச் சொல் ராத்திரி முழுக்க என் காதிலேயே இருந்தது. இத்தனை நாளும் நான் படித்து முடித்துப் பறக்கத் தயாராக நிற்கிற பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு வீட்டில் இருக்கிற டாக்டர்களைப் பற்றி ஒரு தடவையாவது யோசித்தேனா? என் பேத்தியின் பள்ளிக்கூட வாசலில் தினமும் ஒரு டாக்டர் பன் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

"மறந்துபோச்சுண்ணே"

மறுநாள் பள்ளி விடுவதற்கு அரைமணி முன்னாலேயே போய் நின்றேன். அவர் வந்தார். அந்த ஆட்டோக்காரர் நலமாக இருக்கிறார், வலிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், டாக்டர் சொல்லும்வரை ஆட்டோ ஓட்டக்கூடாதாம் என்று சொன்னேன். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பிடித்துக்கொண்டு என் கதையைச் சொன்னேன்.

பெயர் பாண்டிச்செல்வி. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். "எங்க தெருவுல மொத டாக்டர் நாந்தான். எங்கப்பா அடுத்தவுக வயல்ல கருதறுத்தவரு. என்னைய ஆஸ்டல்ல விட்டுட்டுத் திரும்பும்போது பஸ்ஸுல எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டே போனாராம்."

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. பெரியவன் பிறந்தபோது ஆறு மாதம் லீவு என்று நினைத்தார். அடுத்து சின்னவள். ஆறு மாதம் ஏழு வருஷம் ஆகிவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் போகாதன்னு சொல்லல. அத்தையும் சொல்லல. யாருமே தடுக்கல. ஆனா காலைல எட்டு மணிக்குப் போயி ராத்திரி ஒன்பது மணிக்கு வாற வேலதான் எங்கயும் இருக்கு. அது என்னால முடியல. இப்ப முடிஞ்சாலும் என்ன பண்ண? எல்லாம் மறந்துபோச்சுண்ணே. மருந்துப் பேரெல்லாம் மாறிப்போச்சு. என்னைய நம்பி ஒரு உசுரக் கொடுத்தா பயமா இருக்காதா?"

"நேத்து ஒரு உசுரு உங்க கையிலதான இருந்துச்சு?"

"அது யோசிக்காமப் பண்ணுனது."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் முடியாது என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் அதே பதில். நான்காம் நாள் அவரே கேட்டார். "கிளினிக் எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

"நீங்க பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வாற நேரத்துக்கு."

"மூடுறது?"

"நீங்க பிள்ளைகளக் கூட்டப் போற நேரத்துக்கு."

சொல்லிவிட்டேனே தவிர, சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. வீரணன் குதித்தார். "கிளினிக்குக்கு டாக்டரா, டாக்டருக்குக் கிளினிக்கா? பட்டறை விட்டு ஆளுக வாறதே சாயங்காலந்தான்!"

"அண்ணே, இதுவரைக்கும் வந்த எட்டுப் பேரும் முழுநேர டாக்டருதான். இப்ப எங்க இருக்காங்க?"

அவர் தை வரைக்கும் என்று மறுபடியும் சொன்னார். அவ்வளவுதான் அனுமதி.

ரெப்பின் கடைசி வேலை

மெடிக்கல் கவுன்சிலில் விட்டுப்போன பதிவைப் புதுப்பித்து, தாள்களெல்லாம் சரியாகக் கைக்கு வந்துசேரவே கார்த்திகை ஆகிவிட்டது. அதுவரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. அவர் பழைய புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினார். இணையத்தில் டாக்டர்களுக்கான வகுப்புகளைக் கேட்டார். நான் தினமும் ஒரு மணி நேரம் அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, ஏழு வருஷத்தில் வந்த மருந்துகளைச் சொன்னேன். எது புதிது, எது பெயர் மட்டும் புதிது, எதை நிறுத்திவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாக.

ஒரு ரெப்பின் வாழ்க்கையில் டாக்டர் அவனுக்குத் தருவது இரண்டு நிமிடம். அதிலும் பாதி நேரம் அவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்வதை ஒரு மணி நேரம் குறிப்பெடுத்துக் கேட்ட முதல் டாக்டர் செல்விதான்.

"உங்க பழைய கம்பெனி மருந்த மட்டும் நல்லதுன்னு சொல்றீங்களோ?" என்று ஒருநாள் மடக்கினார். நான் சொன்னதை எல்லாம் வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு இடத்தில் நான் சொன்னது தப்பு. அதைச் சொல்லிக்காட்டியபோது அவர் குரலில் இருந்த அதிகாரம் இருக்கிறதே, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இவருக்கு ஒன்றும் மறக்கவில்லை.

எட்டாவது டாக்டர் சொன்ன 'செவுத்தத்தான் கேக்கணும்' என்ற பேச்சு என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. பழைய பழக்கத்தில் நகரத்தில் நாலு ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்களைப் போய்ப் பார்த்தேன். பல வருஷம் வாசலில் காத்துக்கிடந்ததற்கு ஒரு கைம்மாறு கேட்டேன். "எங்க டாக்டரம்மா சந்தேகம்னு போன் பண்ணுனா எடுக்கணும் சார். அம்புட்டுத்தான்."

நால்வருமே சரி என்றார்கள். ஒருவர் மட்டும், "என்ன சேது, இம்புட்டு வருஷத்துல நீ உனக்குன்னு கேட்டதே இல்லையே" என்றார். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

மார்கழி முதல் வாரத்தில் டாக்டர் செல்வி நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நோயாளி வெல்டர் ஒருவர், கண்ணில் துகள். செல்வி டார்ச்சை எடுத்துவிட்டு மறுபடியும் மேஜையிலேயே வைத்ததை மரியபுஷ்பம் பார்த்திருக்கிறாள். அவளே அதை எடுத்துச் சரியான கோணத்தில் பிடித்து நின்றாளாம். செல்வி இமையை மடக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, துகளை எடுத்துக் காட்டினார். அந்த வெல்டர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துவிட்டு, "தெரியுது தாயி" என்றார்.

அன்று மதியம் சோற்று டப்பாவைத் திறந்தபோது செல்வி தன் அப்பாவுக்குப் போன் போட்டார். "அப்பா, அவனியாபுரத்துல இருக்கேன். கிளினிக்ல." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. இவர் வெகுநேரம் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி

இதோடு கதை சுபமாக முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. ஒரு டாக்டரைக் கூட்டிவருவதற்கு ஒரு மாதிரியான சாமர்த்தியம் போதும். இருக்க வைப்பது வேறு வேலை.

செல்வி ஊசி போடமாட்டார். தேவைப்பட்டால் போடுவார். சளிக்கும் உடம்பு வலிக்கும் வந்து கையை நீட்டினால், "இதுக்கு ஊசி வேணாம். வெந்நீர் குடிங்க, ரெஸ்ட் எடுங்க, மூணு நாள்ல சரியாகலைன்னா வாங்க" என்பார். ஒவ்வொருவருக்கும் உட்கார வைத்து விளக்குவார். இதற்கு முன் இருந்தவர்களில் பாதிப்பேர், எதற்கு வம்பு என்று குத்தி அனுப்பிவிடுவார்கள்.

பட்டறை வட்டாரத்தில் பேச்சு கிளம்பியது. "ஊசி போடாத டாக்டரு என்ன டாக்டரு?" கூட்டம் குறைந்தது. ஒரு பட்டறை முதலாளி, தன் ஆள் ஒருவன் வேலைக்கு வராத நாட்களுக்கு முன்தேதியிட்டு நோய்ச் சான்றிதழ் கேட்டார். செல்வி மாட்டேன் என்றார். அந்த முதலாளி நேராக வீரணனிடம் போனார்.

வீரணன் என்னைக் கூப்பிட்டு விட்டார். "சேது, அந்தப் புள்ளைட்ட பக்குவமாச் சொல்லு. கேட்டவங்களுக்கு ஒரு சத்து ஊசி போட்டுவிட்டா என்ன கொறஞ்சுபோச்சு? பொங்கலு முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழம கூட்டம். எல்லாரும் கேப்பாங்க."

நான் செல்வியிடம் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் ஸ்டெதஸ்கோப்பை மேஜைமேல் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏழு வருஷம் கழிச்சு வந்தது தப்பான வைத்தியம் பாக்கவாண்ணே? கூட்டத்துல அப்படி முடிவு பண்ணுனா நான் வரல. வீட்லயே இருந்துக்குறேன்."

பெல்ட்டு ஓட்டை

அந்த வாரத்தில் லேத் தொழிலாளி சோலை மூன்றாம் தடவையாக வந்தான். நாற்பது வயது, சங்கத்தில் உறுப்பினன், அதிகம் பேசமாட்டான். முதலில் சளி என்று வந்தான். அடுத்து உடம்பு அசதி. இப்போது ராத்திரி வியர்க்கிறது என்றான். "ஒரு ஊசி போட்டுவிட்டா வேலைக்குப் போயிருவேன் டாக்டரம்மா."

செல்வி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தார்.

"போன தடவ வந்தப்ப பெல்ட்டு மூணாவது ஓட்டையில போட்டிருந்தீங்க. இப்பப் புதுசா ஒரு ஓட்டை குத்தியிருக்கீங்களே. ஆணி வச்சுக் குத்துனீங்களா?"

சோலை குனிந்து பார்த்தான். "ஆமா தாயி. அவுந்து அவுந்து விழுந்துச்சு."

அங்கேயே சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே ஸ்பெஷலிஸ்ட் ஒருவருக்குப் போன் போட்டுப் பேசினார். இரண்டு நாளில் காசநோய் என்று உறுதியானது. அரசு மையத்தில் இலவச மாத்திரை, ஆறு மாதம். சோலையின் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். யாருக்கும் பரவவில்லை.

மரியபுஷ்பம் என்னிடம் வந்து சொன்னாள். "அண்ணே, இவன் போன வருஷமே இருமிக்கிட்டு வந்தவன். அப்ப ஒரு டாக்டர் பாத்தாரு. அடுத்த தடவ வேற டாக்டரு. ஒவ்வொருத்தருக்கும் அவன் புது ஆளு. இந்தம்மாதான் அவன மூணு தடவ பாத்திருக்கு."

நான் நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு ஆள் போதாது. அதே ஆள் வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஜல்லிக்கட்டு முடிந்த தெருக்களில் இன்னும் சவுக்குக் கம்புகள் கிடந்தன. சங்கக் கட்டடத்தில் ஐம்பது அறுபது பேர். செல்வி பின்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வருவார் என்று எனக்கே நிச்சயமில்லை.

சான்றிதழ் கேட்ட முதலாளி எழுந்து அரைமணி நேரம் பேசினார். ஊசி இல்லை, சாயங்காலம் இல்லை, கேட்ட தாள் இல்லை. "ஸ்கேன் சென்டருக்கே விட்டுருவோம்ணே."

நான் எழுந்தேன். இருபத்தைந்து வருஷம் வார்த்தையை விற்றே சாப்பிட்டவன், அன்று எனக்கு ஒரு வரிதான் வந்தது. "இந்தம்மா போனா நானும் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மரியபுஷ்பம் எழுந்து, "நானும்" என்றாள்.

அதற்கு யாரும் அசைந்த மாதிரித் தெரியவில்லை. அப்போது ஜன்னலோரம் முகத்துணி கட்டி நின்றிருந்த சோலை கையைத் தூக்கினான். கூட்டத்தில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"எனக்கு டி.பி. வந்திருக்கு. ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு வருஷமா ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், அங்கயும் இங்கயும். எல்லா ஊசியும் போட்டாங்க. ஒருத்தரும் என்னையப் பாக்கல. இந்தம்மா ஊசி போடல. என்னையப் பாத்துச்சு."

கொஞ்சம் மூச்சு வாங்கினான்.

"எம்பிள்ளைகளக் கூப்பிட்டு நெஞ்சில குழா வச்சுப் பாத்துச்சு. இவுக வேணாம்னு முடிவு பண்ணுனா, அப்புறம் நான் எங்க போவேன்னு நீங்களே சொல்லுங்க."

வீரணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"ஸ்கேன் சென்டருக்கு விடணும்னு சொல்றவுக கையத் தூக்குங்க."

நாலு கை. ஒன்று பாதியில் இறங்கிவிட்டது.

"அம்புட்டுத்தான். டீ கொண்டாங்கப்பா" என்றார் வீரணன். பிறகு பின்வரிசையைப் பார்த்து, "தாயி, நாளைக்கு ஒன்பதரைக்குத்தான வாரீக?" என்று கேட்டார்.

"வாரேன்" என்றார் செல்வி. மடியில் இருந்த சின்னவள் கைதட்டினாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதைத் தொடர்ந்து அந்தக் கட்டடம் முழுக்கக் கைதட்டியது. நான் தட்டவில்லை. கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒருத்தரிலிருந்து மூன்று

சாயங்காலக் குறையைத் தீர்த்ததும் செல்விதான். "எங்க பேட்ச்ல இன்னும் சில பேரு வீட்ல இருக்காங்கண்ணே" என்றார். அப்படிச் சாயங்காலத்துக்கு வந்தவர் டாக்டர் நசீமா. அவர் மாமியார் முதல் நாள் கூடவே வந்து கொட்டகையில் உட்கார்ந்து, நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நோட்டம் விட்டார். இரண்டாம் நாள் தன் முழங்கால் வலிக்கு டோக்கன் போட்டார். மூன்றாம் நாள் வரவில்லை, எங்கள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு கார்த்திக் வந்தான். அவனும் மேற்படிப்புப் புத்தகத்தோடு வந்தவன்தான், நாலு மாதம் என்று. ஆனால் இப்போது பக்கத்து அறையில் கேட்பதற்கு ஆள் இருந்தது. "அக்கா, இந்த ஒடம்பு வீக்கத்தக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கூப்பிட்டால் செல்வி வந்து பார்ப்பார். நாலு மாதம் இரண்டு வருஷம் ஆனது. பரீட்சையும் எழுதினான், இடமும் கிடைத்தது. அவன் தேர்ந்தெடுத்தது குடும்ப மருத்துவம். போகும்போது தன் நாற்காலியை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி திரும்பியும் வந்துவிட்டான்.

இடையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் செல்வியை வேலைக்கு அழைத்தார்கள், அவர் மறுத்துவிட்டார். அதை அவர் எனக்கே ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னார், அதுவும் மோர் குடித்துக்கொண்டே, வேறு ஏதோ பேச்சின் நடுவில்.

ஆனால் இந்த வருஷம் ஆடியில் செல்வி உண்மையாகவே போய்விடுவாரோ என்ற நிலை வந்தது. செல்வியின் கணவர் முருகேசன் கப்பலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அவருக்குச் சென்னைக்குப் பதவி உயர்வோடு மாற்றல் என்று பேச்சு அடிபட்டது. நான் செல்வியிடம் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடுமோ என்று பயம்.

ஒரு சனிக்கிழமை காலை முருகேசனே கிளினிக்குக்கு வந்தார். சட்டைப்பையில் மடித்த ஒரு தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வாங்க தம்பி. உள்ள போங்க, இப்ப ஆள் இல்ல."

"இல்லண்ணே, அவ திட்டுவா. மூணு நாளா முதுகு வலி. வீட்ல காமிச்சா, டோக்கன் போட்டு வாங்கங்குறா. வீட்ல வச்சுப் பாத்தா ஒழுங்காப் பாக்க முடியாதாம்." தாளை விரித்துக் காட்டினார். வாசலில் மரியபுஷ்பம் எழுதிக் கொடுத்த டோக்கன். பதினேழாம் நம்பர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சென்னை?"

"அதுவா? வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டேண்ணே, போன வாரமே. அவளுக்கு இன்னும் சொல்லல." பக்கத்திலிருந்த சோலைக்கு நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தார். சோலை இப்போது நல்ல உடம்பு, பிரஷருக்கு மாதம் ஒரு தடவை வருகிறான். "முன்னல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போனா, இன்னிக்கு நீ என்ன செஞ்சன்னு கேட்டா அழுவா. இப்ப நான் கேக்கவே வேண்டாம். செருப்பக் கழட்டுறதுக்குள்ள ஆரம்பிச்சுர்றா. அந்தப் பாட்டிக்குச் சக்கர எறங்கிருச்சு, இந்தப் பையன் பள்ளிக்கூடம் போயிட்டான்னு. அந்தப் பேச்ச விட்டுட்டு நான் சென்னையில போயி என்ன பண்ணப் போறேன்?"

உள்ளே கதவு திறந்தது. மரியபுஷ்பம் எட்டிப் பார்த்து, யாரென்றே தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"பதினேழு!"

முருகேசன் எழுந்தார். தலைமுடியைக் கையால் ஒதுக்கினார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். உள்ளே டாக்டரைப் பார்க்கப் போனார்.